அடினாய்டு: ஒரு டாக்டர் எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் பொறுக்கச் சொல்கிறார்

மின்மினி:
பையனுக்கு ஐந்தரை வயது. ஒரு வருடத்துக்கும் மேலாகக் குறட்டை. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான், காலையில் தலையணை நனைந்திருக்கும். ஒரு சளி விட்டால் அடுத்தது வந்து நிற்கும். கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்ததில், அடினாய்டு என்கிற சதை வளர்ந்து மூக்கின் பின்பக்க மூச்சுப்பாதையை முக்கால்வாசி அடைத்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். முதலில் பார்த்த ஈ.என்.டி. டாக்டர் "எடுத்துவிடலாம், சின்ன ஆபரேஷன்தான்" என்றார். இரண்டாவது டாக்டர் அதே படத்தைப் பார்த்துவிட்டு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். ஒரே படம், இரண்டு பதில். யார் சொல்வதைக் கேட்பது? போதாக்குறைக்கு, எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயமுறுத்துகிறார்கள்.

காகிதக்கப்பல்:
யோசிக்கவே யோசிக்காதீர்கள் மின்மினி, எடுத்துவிடுங்கள். என் மகளுக்கு நாலு வயதில் எடுத்தோம். அன்று ராத்திரியே குறட்டை நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். உள்ளே வீக்கம் இருந்ததால் முதல் வாரம் முன்னைவிட அதிகமாகவே விட்டாள். அதற்கப்புறம் மூச்சுச் சத்தமே இல்லை. மூச்சு விடுகிறாளா என்று நானும் அவள் அப்பாவும் மாறி மாறி எழுந்து பார்ப்பதும் நின்றது. இத்தனை நாள் ஏன் இழுத்தடித்தோம் என்றுதான் தோன்றியது.

ஒருவழிப்பாதை:
"யோசிக்கவே யோசிக்காதீர்கள்" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் பையனுக்கும் இதே முக்கால்வாசிதான். ஆனால் அவன் சளி பிடித்தால் மட்டுமே குறட்டை விடுவான், மற்ற நாட்களில் அயர்ந்து தூங்குவான், காதும் நன்றாகவே கேட்டது. தூசி ஒவ்வாமை இருந்தது. படுக்கை உறைகளை வெந்நீரில் துவைத்தோம், பஞ்சு பொம்மைகளைக் கட்டிலை விட்டு இறக்கினோம், வீட்டுக்குள் சிகரெட் கூடாது என்று ஒருவரிடம் கறாராகச் சொன்னோம், ஸ்ப்ரேயும் அடித்தோம். ஒன்பது வயதில் பார்த்தபோது அடினாய்டு பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. இது வளர்ந்து தானே தேய்கிற சதை, அதை மறந்துவிட வேண்டாம்.

காதுமூக்குக்காரன்:
ஈ.என்.டி. துறையில் இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன். உங்கள் பையனை நான் பார்க்கவில்லை, அதனால் எடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லப்போவதில்லை. ஆனால் இங்கே எல்லோரும் "முக்கால்வாசி" என்ற ஒரு சொல்லையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அடினாய்டு இருப்பது மூக்குக்குப் பின்னால், மெல்லண்ணத்துக்கு (வாயின் மேற்கூரையில் பின்பக்கம் உள்ள மென்மையான பகுதி) மேலே. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் டான்சில் தெரியும், அடினாய்டு தெரியாது. மூன்று வயதிலிருந்து ஏழு வயதுக்குள் நன்றாகப் பெருத்து, அப்புறம் மெல்லச் சுருங்கி, பதின்ம வயதில் பெரும்பாலும் அடையாளமே இல்லாமல் போகும். ஆக, ஐந்து வயதில் பெரிதாக இருப்பது மட்டுமே நோய் ஆகாது.

எக்ஸ்ரே என்பது வெறும் நிழல். படம் எடுக்கிற நொடியில் குழந்தை அழுதாலோ விழுங்கினாலோ மெல்லண்ணம் மேலே ஏறி, பாதை இருப்பதைவிடக் குறுகலாகத் தெரியும். கடுஞ்சளியில் எடுத்த படமும் அப்படித்தான். மெல்லிய வளையும் குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி இதைவிட நம்பகமானது. ஒரு நிமிடம்கூட ஆகாது, மடியில் உட்காரவைத்தே பார்த்துவிடலாம்.

நாங்கள் முடிவெடுக்கப் பார்ப்பது வேறு. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா? காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா? அந்த இரண்டு டாக்டர்களும் இவற்றைப் பற்றி என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள்? பதில் மாறியதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மின்மினி:
குறட்டை உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றேன். அவ்வளவுதான். காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான் என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. அதைக் குறும்பு என்று நினைத்திருந்தோம்.

காதுமூக்குக்காரன்:
அப்படியானால் இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். அவன் தூங்குவதை மொபைலில் வீடியோ எடுங்கள். படுத்த உடனே வேண்டாம், விடியற்காலையில் எடுங்கள். கனவு வரும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம், தசைகள் அப்போதுதான் நன்றாகத் தளரும், குழந்தைகளுக்கு மூச்சுத் தடை கூடுவதும் அப்போதுதான். போர்வையை விலக்கி, சட்டைப் பித்தானைக் கழற்றி, முகமும் நெஞ்சும் வயிறும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். சத்தமும் பதிவாகட்டும்.

குறட்டைச் சத்தத்தின் அளவு முக்கியமில்லை. அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வயிறு மேலே எழும்போது நெஞ்சு உள்ளே குழிகிறதா, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்து பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறதா, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுக்கிறானா, வியர்த்துக் கொட்டுகிறதா. நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி ஆரம்பித்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தூக்கமில்லாதவன்:
இதற்கெல்லாம் எதற்கு டாக்டர்? இரவில் வாயில் டேப் ஒட்டிவிடுங்கள், தானாக மூக்கு வழியாக மூச்சு விடப் பழகிவிடும். பெரியவர்கள் பலர் செய்கிறார்கள். மூக்கடைப்பு இருந்தால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

இரவுப்பணி:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். மூக்கு வழி அடைத்திருப்பதால்தான் குழந்தை வாயைத் திறக்கிறது, அந்த வழியையும் மூடினால் மூச்சுக்கு எங்கே போகும்? தூக்கத்தில் வாந்தி எடுத்தால் என்ன ஆகும்?

சொட்டு மருந்து பற்றி: அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின் வகை மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அது வேறு, இரண்டாவது டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு. பாட்டில் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

தூக்கமில்லாதவன்:
சரி சரி, குழந்தைகளுக்கு என்பதால் வாபஸ்.

நெறியாளர்:
வீடியோவையோ ரிப்போர்ட்டையோ இங்கே ஏற்ற வேண்டாம். குழந்தையின் முகமும் பெயரும் வெளியே போகும். டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள்.

ஒலிப்பதிவு:
கேட்கும் திறன் சோதிப்பது என் தொழில். டிவி விஷயத்தைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் உண்டு. அதன் வாய் அடினாய்டுக்குப் பக்கத்தில்தான் திறக்கிறது. அடினாய்டு வீங்கினாலோ அதில் கிருமி தங்கினாலோ அந்தக் குழாய் சரியாக வேலை செய்யாது. செவிப்பறைக்குப் பின்னால் பிசுபிசுப்பான நீர் சேரும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. இருபது முப்பது டெசிபெல் அளவுக்குக் கேட்பது குறைந்திருக்கும். குழந்தைக்குப் போர்வைக்குள் இருந்துகொண்டு வெளியே பேசுவதைக் கேட்கிற மாதிரி இருக்கும். நேருக்கு நேர் பேசினால் பதில் வரும், முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பாது. வகுப்பில் கவனமில்லை என்று புகார் வரும்.

டிம்பனோமெட்ரி என்றொரு சோதனை இருக்கிறது. காதில் ஒரு சின்ன முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிப் பார்ப்பார்கள். செவிப்பறை நன்றாக அசைந்தால் கோடு மலை உச்சி போல எழும். பின்னால் நீர் இருந்தால் தட்டையாகக் கிடக்கும். கூடவே கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள்.

தட்டையாக வந்தாலும் உடனே பதற வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் நீர் தானே வடிந்துவிடும், அதனால் அதுவரை பொறுப்பதுதான் வழக்கம். அதற்குப் பிறகும் இரண்டு காதிலும் நீர் நின்று, கேட்பது குறைந்திருந்தால், செவிப்பறையில் க்ரோமெட் என்ற குட்டிக் குழாய் வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். நாலு வயதைத் தாண்டிய குழந்தை என்றால் அதனுடன் அடினாய்டையும் எடுப்பது பலன் தரும். அதற்குக் குறைந்த வயதில் காது நீருக்காக மட்டும் அடினாய்டை எடுப்பதில்லை.

ஒருவழிப்பாதை:
பயனுள்ள தகவல். ஆனால் எதிர்ப்புச் சக்தி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. உடம்பில் வேலை இல்லாமலா ஒரு உறுப்பு இருக்கும்?

பழைய பேனா:
படிக்கிற ஆர்வத்தில் சேர்த்து வைத்ததைச் சொல்கிறேன், நான் டாக்டர் இல்லை. அடினாய்டு வளர்ச்சியை ஒரு தனி நோயாக முதலில் விவரித்தவர் கோபன்ஹேகனைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேயர், 1868இல். காது மந்தம், மூக்கடைத்த பேச்சு, எப்போதும் திறந்த வாய் மூன்றையும் இந்தச் சதையோடு சேர்த்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்பது தனிக்கதை.

எதிர்ப்புச் சக்தி விஷயத்தில் இரு தரப்புமே மிகைப்படுத்துகிறார்கள். அடினாய்டுக்கு வேலை உண்டு. ஆனால் டான்சில், நாக்கின் அடிப்பகுதி, குடல் என்று அதே வேலையைச் செய்யும் திசுக்கள் உடம்பில் ஏராளம். எடுத்த குழந்தைகள் நோய் எதிர்ப்புக் குறைபாட்டில் விழுவதில்லை. மறுபக்கம், 2018இல் டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து வந்த ஆய்வு, ஒன்பது வயதுக்குள் அடினாய்டு எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மேல் சுவாசப்பாதை நோய்கள் ஏறக்குறைய இரு மடங்கு என்றது. அது பதிவேட்டு ஆய்வு, சமமாகப் பிரித்து நடத்திய சோதனை இல்லை. ஏற்கெனவே சுவாசத் தொல்லை உள்ள குழந்தைக்குத்தானே இந்த ஆபரேஷன் செய்வார்கள்? காரணம் எது, விளைவு எது என்று அதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. காரணமில்லாமல் எடுக்காதே என்ற அளவுக்கு அதை மதிக்கலாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது நெதர்லாந்தில் நடந்து 2011இல் வெளியான ஒரு சோதனை. அடிக்கடி சளி பிடிக்கும், ஒன்று முதல் ஆறு வயது வரையான 111 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு அடினாய்டை எடுத்தார்கள், மறு பாதியைக் காத்திருக்க வைத்தார்கள். சளி இரு தரப்பிலும் ஒரே மாதிரிதான் வந்தது. ஆகவே மின்மினி, "சளி அடிக்கடி வருகிறது" என்பதற்காக மட்டும் என்றால் ஆபரேஷன் வேண்டாம் என்பேன்.

காகிதக்கப்பல்:
அப்போ மூச்சுத் தடைக்கு? அதற்கும் காத்திருந்தால் போதுமா?

பழைய பேனா:
அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையான 464 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது, முடிவுகள் 2013இல் வந்தன. எல்லோருக்கும் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு, உறுதியாகியிருந்தது. ஒரு பகுதிக்கு டான்சிலும் அடினாய்டும் சேர்த்து எடுத்தார்கள். ஏழு மாதம் கழித்து மறுபடி தூக்கச் சோதனை செய்ததில், எடுத்தவர்களில் 79 சதவீதத்தினருக்கும் காத்திருந்தவர்களில் 46 சதவீதத்தினருக்கும் மூச்சு சரியாகியிருந்தது. நடத்தை, தூக்கம், அன்றாட வாழ்க்கை எல்லாம் எடுத்தவர்களிடம் கூடுதலாக முன்னேறின. ஆனால் கவனத்தை அளக்கும் தேர்வில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் செய்தால் படிப்பில் முதல் மாணவனாகிவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காத்திருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தானே சரியானதையும் கவனியுங்கள். சிக்கல் கடுமையாக இருந்த குழந்தைகளை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மின்மினி:
வீடியோ எடுத்தேன். நெஞ்சு குழிவது நன்றாகத் தெரிகிறது. குறட்டை நடுவில் நின்று, மெத்தையைக் காலால் உதைத்து, ஒரு இழுப்போடு மூச்சு வருகிறது. பார்க்கவே முடியவில்லை. திங்கட்கிழமை இரண்டாவது டாக்டரிடமே போகிறேன். அதுவரை ஸ்ப்ரே அடிப்பதா, விடுவதா? அடித்தால் தொண்டைக்குள் இறங்கி கசக்கிறது என்று அழுகிறான்.

இரவுப்பணி:
விடாதீர்கள், அடிக்கிற முறையை மாற்றுங்கள். முதலில் உப்பு நீர் விட்டு மூக்கைச் சிந்தவையுங்கள். தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது, லேசாக முன்னால் குனியவேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்படிப் பிடித்தால் முனை தானாக வெளிப்பக்கம், அதே பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். நடு எலும்பின் மேல் அடித்தால் மூக்கில் ரத்தம் வரும், நேராக மேலே அடித்தால் தொண்டையில் இறங்கும். அடித்ததும் உறிஞ்ச வேண்டாம், சும்மா மூச்சு விட்டால் போதும்.

மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கள் ஓரிரு நாளில் வேலை செய்யாது, சில வாரங்கள் வேண்டும். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்காகப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இவை ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். மாதக்கணக்கில் போட்டால் உயரத்தை மட்டும் அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள். மான்டெலுகாஸ்ட் என்ற ஒவ்வாமை மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், குழந்தை கெட்ட கனவில் அலறுகிறதா, திடீரென்று எரிந்து விழுகிறதா என்று கவனியுங்கள். மனநிலை மாற்றங்கள் குறித்து 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கிறது.

காதுமூக்குக்காரன்:
வீடியோவைத் தவறாமல் காட்டுங்கள். தேவைப்பட்டால் தூக்கச் சோதனைக்கு எழுதுவார். பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து தடைகள் வரை பொருட்படுத்துவதில்லை, குழந்தைக்கு மணிக்கு ஒன்றுக்கு மேல் போனாலே கணக்கில் எடுப்போம். டான்சில் பெரிதாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டும் அடைத்திருக்கும்போது ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, குறட்டை போகவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு.

மின்மினி:
டாக்டர் வீடியோவைப் பார்த்ததும் மூன்று மாதக் கணக்கைக் கைவிட்டார். அன்றே எண்டோஸ்கோபி. அடினாய்டு நிஜமாகவே பெரிது, டான்சில் சாதாரணம். இரண்டு காதிலும் கோடு தட்டை. தூக்கச் சோதனையும் முடிந்தது, மூச்சுத் தடை உறுதியாகிவிட்டது. அடினாய்டை எடுத்து, காதையும் மயக்கத்திலேயே பார்த்து, நீர் கெட்டியாக இருந்தால் க்ரோமெட் வைப்பதாகச் சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று சொல்லுங்கள்.

காதுமூக்குக்காரன்:
வாய் வழியாகவே செய்வது, வெளியே வெட்டோ தையலோ இருக்காது. அரைமணி நேரத்துக்குள் முடியும். சுரண்டி எடுப்பது பழைய முறை, இப்போது சதையை மின் அலையால் கரைத்தெடுக்கும் கோப்லேஷன் போன்ற கருவிகளும் உண்டு. எதில் அவர் கை பழகியிருக்கிறதோ அதில் செய்யட்டும், கருவியின் பெயரைப் பார்த்து டாக்டரை மாற்ற வேண்டாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். உள்நாக்கு இரண்டாகப் பிளந்தாற்போல் இருக்கிறதா, அண்ணத்தில் மறைவான பிளவு உண்டா? அப்படி இருந்தால் அடினாய்டை முழுவதும் எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச்சு மூக்கு வழியாகக் கசியும், குடிப்பதும் மூக்கில் வரும். வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இரவுப்பணி:
வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரத்தை ஆஸ்பத்திரி சொல்லும். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். பாவமாக இருக்கிறதே என்று வாயில் எதையும் வைத்துவிடாதீர்கள். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

பெற்றோரை அதிகம் உலுக்குவது மயக்கம் தெளியும் நேரம். சில குழந்தைகள் உங்களை யாரென்று தெரியாதது போல் கத்தி, கையில் இருக்கும் ஊசியைப் பிடுங்கப் பார்ப்பார்கள். அது வலி என்று நினைத்துக் கலங்க வேண்டாம். மயக்க மருந்து இறங்குகிற விதம் அது. அரைமணியில் அடங்கி, பிறகு அவனுக்கே நினைவிருக்காது.

வீட்டுக்கு வந்தபின் வாயில் நாற்றம் அடிக்கும், ஒன்றிரண்டு வாரம் இருக்கும். காது வலிக்கிறது என்பான், பெரும்பாலும் அது தொண்டை வலி காதில் தெரிவது. பாராசிட்டமாலை எடைக்கேற்ற அளவில் நேரம் தவறாமல் கொடுங்கள். கோடீன் என்ற வலி மருந்து கலந்தது எதுவும் கூடவே கூடாது, ஆஸ்பிரினும் கூடாது.

உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது எப்போது என்றால், மூக்கிலோ வாயிலோ புது ரத்தம் வந்தால், தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், ரத்த வாந்தி எடுத்தால். சில நாள் கழித்துக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி, நேராக்க முடியாமல் வலித்தாலும் காத்திருக்க வேண்டாம். இது அபூர்வம், ஆனால் கழுத்தெலும்பு விலகியிருக்கலாம்.

காகிதக்கப்பல்:
ஒரு சந்தேகம். என் மகள் இப்போது மூக்கடைப்பு இல்லாமலே வாயைத் திறந்து வைத்திருக்கிறாள். மறுபடி வளர்ந்துவிட்டதா?

காதுமூக்குக்காரன்:
சின்ன வயதில் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் திரும்ப வளர்வது உண்டு, ஆனால் மறு ஆபரேஷன் வரை போவது குறைவு. ஒவ்வாமை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பழக்கமாக இருக்கலாம். மேல் அண்ணம் குறுகி உயர்ந்திருந்தால், பல் சீரமைப்பு டாக்டரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மின்மினி:
கடைசியாக ஒன்று. அவனுக்குக் கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் போய் டாக்டரிடம் சொல்வதா?

இரவுப்பணி:
கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் மயக்க டாக்டரிடம். வாய் வழியாகக் குழாய் போடும்போது அது விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. ரொம்ப ஆடினால் அவன் தூங்கிய பிறகு அவர்களே எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எடுத்தால் கையில் வேண்டும் என்று பையன் கேட்டால், அதையும் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.